ஒளிக்கிணறு

“சின்னு, என் துண்டை நீயா எடுத்தே?”

குளியலறை ஜன்னலுக்கு வெளியிலிருந்து அக்காவின் குரல் கேட்டது. பல் துலக்கிக்கொண்டிருந்தவள் வாயில் நுரையோடு, “கதவுக்குப் பின்னாடி தொங்குது பாரு” என்று பதில் சொன்னாள். வாயைக் கொப்பளித்து, முகத்தைத் துடைத்துக்கொண்டு கூடத்துக்கு வந்த பிறகுதான் உறைத்தது. அக்கா காலைப் பணிக்குக் கிளம்பிப் போய்விட்டாள். அவளை அனுப்பிவிட்டுக் கதவைத் தாழிட்டதே இவள்தான். தாழ் போட்டபடியே இருந்தது.

திரும்பப் போய் ஜன்னலருகே நின்றாள். மேலே எங்கோ ஒருவர் காறித் துப்பினார். கீழே அலுவலகத் தளம் ஒன்றில் தண்ணீர் பீறிட்டு அடங்கியது. யாரோ போட்டுக் குளித்த சோப்பின் வாசனையும், வாணலியில் வதங்கும் வெங்காயமும், வெயில் படாத சிமெண்டின் ஈர நெடியும் ஒன்றாகக் கலந்து, ஒரே பெரிய மூச்சைப்போலக் கீழிருந்து மேலே வந்துகொண்டிருந்தன. அக்காவைப்போலப் பேசும் ஒருத்தி மேல்வீட்டில் இருக்கலாம். அவளுக்கும் சின்னு என்று ஒரு தங்கை இருக்கலாம். அப்படி மனத்தைத் தேற்றிக்கொண்டு ஆபீசுக்குக் கிளம்பினாள்.

அந்தக் கட்டடம் அவள் வரைந்தது. நகரத்தின் மையத்துக்கு நடந்தே போய்விடக்கூடிய தூரத்தில், பழைய கிடங்குகளை இடித்துவிட்டு எழுப்பியது. கீழே கடைகள், அதற்கு மேல் அலுவலகங்கள், எல்லாவற்றுக்கும் மேல் வீடுகள். மனிதர்கள் பாதி வாழ்நாளைச் சாலையில் தொலைக்கக் கூடாது என்று அவள் உண்மையாகவே நம்பினாள். வீடுகள் இரண்டு பிரிவாக இருந்தன. இரண்டுக்கும் தனித்தனி லிஃப்ட், தனித்தனிப் படிக்கட்டு. ஒன்றிலிருந்து மற்றதற்குப் போகவேண்டுமென்றால் கடைகள் இருக்கும் தரைத்தளம்வரை இறங்கித்தான் ஏறவேண்டும். இரண்டுக்கும் நடுவே, தரையிலிருந்து மொட்டைமாடிவரை சதுரமாக ஒரு வெற்றிடம் விடப்பட்டிருந்தது. குளியலறை ஜன்னல்கள் எல்லாம் அதற்குள்தான் திறந்தன. வரைபடத்தில் அதன் பெயர் ஒளிக்கிணறு. குடியிருப்பவர்கள் டக்ட் என்றார்கள்.

அவள் முதலில் வரைந்தபோது அது அகலமாக, அடியில் செடிகளோடும் உள்ளே போய்வர ஒரு கதவோடும் இருந்தது. கடைகளுக்கு இடம் போதவில்லை என்றார் பில்டர். சட்டம் ஒப்புக்கொள்ளும் கடைசி அங்குலம்வரை கிணறு சுருங்கியது. செடிகள் போயின. கதவு வரவேண்டிய இடத்தில் ஒரு செருப்புக் கடையின் சரக்கறைச் சுவர் எழும்பியது. ஜன்னல்களை மட்டும் அவள் விட்டுக்கொடுக்கவில்லை. இருட்டில் யாரும் குளிக்கக் கூடாது என்று மல்லுக்கட்டி, சுவரில் பாதியைப் பிடித்துக்கொள்ளும், கண்ணாடிப் பட்டைகளை வரிசையாகச் செருகிய லூவர் ஜன்னல்களாக வைக்கச் செய்தாள். அவற்றுக்குக் கம்பி போடவில்லை. டக்டுக்குள்ளிருந்து எவன் ஏறி வரப்போறான் என்று பில்டர் கேட்டபோது எல்லாரும் சிரித்தார்கள். அவளும்தான்.

அக்காவும் அவளும் மட்டுமே அந்த வீட்டில் இருந்தார்கள். அக்கா பேருந்து நிலையத்தில் அறிவிப்பாளர். அம்மா போன பிறகு அவளைப் படிக்க வைத்ததும் ஆளாக்கியதும் அந்தக் குரல்தான். கணீரென்று இருக்கும், அதட்டாது. சாலையில் முன்பின் தெரியாதவர்கள்கூட அக்கா காய்கறிக்கு விலை கேட்கும்போது சட்டென்று திரும்பிப் பார்ப்பார்கள். எங்கேயோ கேட்ட குரல் என்று யோசிப்பது அவர்கள் முகத்தில் தெரியும்.

எதிர் ஜன்னல் பல் டாக்டர் வீட்டுக் குளியலறை. டாக்டரின் மகள் ஒன்றாம் வகுப்பு. ஒல்லிக்குச்சி, ஆனால் ஓரிடத்தில் நிற்காது. குண்டூசி என்று பெயர் வைத்தது அக்கா. அது கமோடு மூடிமேல் ஏறி நின்று, கண்ணாடிப் பட்டைகளுக்கு நடுவே முகத்தை வைத்துக்கொண்டு காலைதோறும் விசாரணை நடத்தும்.

“அத்தை, நீங்கதான் இந்த வீட்டைக் கட்டினீங்களா?”

“வரைஞ்சேன். கட்டினது வேற ஆளுங்க.”

“அப்போ பாத்ரூம்ல ஏன் ஃபேன் வரையல?”

அக்கா அன்று சிரித்த சிரிப்பு டக்ட் முழுவதும் உருண்டு கீழே போனது. அக்கா அப்படி வாய்விட்டுச் சிரித்து இவள் கேட்டது அதுவே கடைசி.

முதலில் தொண்டைக்கட்டு என்றுதான் நினைத்தார்கள். வெந்நீர், உப்பு, ஆவி எல்லாம் பார்த்தாயிற்று. பேசப் பேச நடுவில் ஒரு சொல் விழாமல் போகும். அக்கா நின்று, எச்சில் விழுங்கி, மறுபடி சொல்லிப் பார்ப்பாள். நிலையத்தில் ஊர்ப் பெயர்கள் பாதியில் அறுந்தன. வேறொருத்தியை உட்கார வைத்துவிட்டு அக்காவை ஓய்வெடுக்கச் சொன்னார்கள். காது மூக்கு தொண்டை டாக்டர் குழாய் விட்டுப் பார்த்தார். “குரல் நாண் பிரமாதமா இருக்கு, மனசுல எதையாவது போட்டுக் குழப்பிக்கிறாங்களா?” என்று தங்கையிடம் கேட்டார். அக்கா ஏதோ சொல்ல வாயைத் திறந்தாள். வெறும் காற்றுதான் வந்தது.

அதற்குப் பிறகு அக்கா பேசவில்லை.

ஒருநாள் சாயங்காலம் ஆபீசிலிருந்து திரும்பியவள், வாசலில் செருப்பைக் கழற்றும்போதே அக்காவின் குரலைக் கேட்டாள். அக்காவுக்குப் பேச்சு வந்துவிட்டது என்ற மகிழ்ச்சியில் பையைக்கூடக் கீழே வைக்காமல் உள்ளே ஓடினாள். குளியலறைக் கதவு திறந்திருந்தது. அக்கா துணி துவைக்கும் முக்காலியில் உட்கார்ந்து, ஜன்னலோரம் தலையைச் சாய்த்திருந்தாள். உதடுகள் ஒட்டியிருந்தன. மூக்குக் கண்ணாடிக்கு அடியிலிருந்து கண்ணீர் வழிந்து தாடையில் சொட்டிக்கொண்டிருந்தது.

“பயணிகள் கவனத்துக்கு,” என்றது குரல், கீழே வெகு ஆழத்திலிருந்து, அக்காவின் அத்தனை கனிவோடும். “பேருந்து புறப்படத் தயாராக உள்ளது. பயணிகள் கீழே வரவும். பயணிகள் கீழே வரவும்.”

எதிரொலிகளைப் பற்றி அவளுக்குத் தெரியும். அது அவள் படிப்பு. சுவரில் பட்ட சத்தம் கண் சிமிட்டும் நேரத்துக்குள் திரும்பிவிடும். அது வாரக்கணக்கில் தங்காது. ‘கீழே’ என்று புதிதாக ஒரு சொல்லைச் சேர்த்துக்கொள்ளாது.

மறுநாள் அரை நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு செருப்புக் கடைக்குப் போனாள். கடைக்காரர் நல்ல மனிதர், வாயாடி. சரக்கறையில் அட்டைப்பெட்டிகளை விலக்கிச் சுவரைக் காட்டினார். ரப்பர், பசை, புதுத் தோல் நெடி. சுவரில் காதை வைத்தாள். சில்லென்று இருந்தது.

“பொம்பளைங்க பேசுற சத்தம் வரும் மேடம். நானும் பையனும் நாடகம் கேக்கற மாதிரி கேப்போம். மேல பாத்ரூம்ல பேசறது குழாய் வழியா வருதுன்னு நினைச்சேன்.”

“ஆம்பளைக் குரல் வராதா?”

“ஆம்பளைங்களை எங்க பேச விடறாங்க?” என்று சிரித்தவர், அவள் சிரிக்காததைக் கண்டு குரலைத் தாழ்த்தினார். “ஒண்ணு சொல்றேன், தப்பா நினைக்காதீங்க. மேலயிருந்து வர்ற சத்தம்னா மேலயிருந்துதானே வரணும்? இது இங்க, என் காது உயரத்துல வருது.”

சுவரை உடைத்துப் பார்க்கலாமா என்று கேட்டாள். பில்டர் கையெழுத்து இல்லாமல் ஒரு ஆணிகூட அடிக்கமுடியாது என்று கட்டட மேனேஜர் கையை விரித்தார். ஆபீசில் சீனியர் அவளை உட்காரச் சொல்லி, தண்ணீர் கொடுத்து, பொறுமையாகத்தான் பேசினார். “ஏம்மா, நாம வரைஞ்ச கட்டடத்துல பேய் இருக்குன்னு நாமளே சொல்லிட்டுத் திரிஞ்சா அடுத்த வேலையை எவன் தருவான்? அக்காவை நினைச்சு நீ ரொம்ப அலட்டிக்கிற. இந்தப் புது ப்ராஜெக்ட் முடியட்டும், ரெண்டு பேரும் எங்கயாவது போயிட்டு வாங்க.”

ஞாயிற்றுக்கிழமை, உச்சி வெயில் டக்டுக்குள் நேராக இறங்கும் அந்தச் சிறு பொழுதுக்காகக் காத்திருந்தாள். சில கண்ணாடிப் பட்டைகளைக் கழற்றிவிட்டுத் தலையை வெளியே நீட்டினாள். பாதி தூரத்துக்குமேல் வெயில் போகவில்லை. கொடிக்கயிற்றில் டார்ச்சைக் கட்டி, எரியவிட்டு, மெல்ல இறக்கினாள். அலுவலகத் தளங்களின் ஜன்னல்கள் ஒவ்வொன்றாக ஒளிர்ந்து அணைந்தன. கழிவுக்குழாய்கள். ஒரு பல்லி. பிறகு அடித்தளம்.

அங்கே ஒன்றுமே இல்லை.

அதுதான் அவளைத் திடுக்கிட வைத்தது. இத்தனை வீடுகள், இத்தனை ஜன்னல்கள். ஷாம்பு உறை, துணிக் கிளிப், உடைந்த சீப்பு, பறந்துபோன கர்ச்சீப், செத்த புறா, ஏதாவது கிடக்கவேண்டும். போன வாரம் அவள் கையிலிருந்தே ஒரு சோப்புப் பெட்டி தவறி விழுந்தது. தரை கழுவித் துடைத்த தட்டுப்போல வெறுமையாக இருந்தது.

கயிறு இலேசானது. டார்ச்சின் கனம் கையைவிட்டுப் போனது. கீழே அந்த ஒளி தரையிலிருந்து மெல்ல எழும்பி, ஒரு சுவரைத் தடவி, அடுத்த சுவரைத் தடவி, எதையோ தேடும் ஆளின் கையில் இருப்பதுபோல நகர்ந்தது. பிறகு திரும்பியது. நேராக மேலே. அவள் முகத்தில்.

“யாரு?” என்றாள். கேட்கவேண்டும் என்று கேட்கவில்லை. வந்துவிட்டது.

வெளிச்சம் அசையவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, கீழே, ஒரு புதுச் சொல்லை வாயில் போட்டுச் சுவைப்பதுபோல, “யா... ரு,” என்றது. “யாரு. யாரு.” மூன்றாவது முறை அது அவள் குரலாக இருந்தது.

கயிற்றை அப்படியே விட்டுவிட்டாள்.

அன்றே பிளைவுட் பலகை ஒன்றை வாங்கிவந்து ஜன்னலை மூடி ஆணி அடித்தாள். மறுநாள் மாலை வந்து பார்த்தபோது பலகை தரையில் கிடந்தது. அக்காவின் விரல் நுனிகள் கிழிந்து, நகக்கண்ணில் இரத்தம் கட்டியிருந்தது.

“அக்கா, இந்த வீடு நமக்கு வேண்டாம். வாடகைக்கு எங்கயாவது போயிடலாம். சரியா? என்னைப் பாரு. சரியா?”

அக்கா இல்லை என்று தலையை ஆட்டினாள். தங்கையின் கையைப் பிடித்து ஜன்னலுக்கு இழுத்துப்போனாள். தன் தொண்டையைத் தொட்டுக் காட்டினாள். பிறகு கீழே காட்டினாள். மறுபடி தொண்டையை. மறுபடி கீழே. இரயிலில் குழந்தையைத் தவறவிட்டவள்போல இருந்தது அவள் முகம். என்னுடையதை அங்கே விட்டுவிட்டு நான் எப்படி வருவேன் என்று அந்த முகம் கேட்டது.

இருந்தாலும் வீடு பார்த்தாள். பேருந்து நிலையத்துக்குப் பக்கத்திலேயே, டக்ட் இல்லாத, சுற்றிலும் திறந்த பழைய வீடு ஒன்று கிடைத்தது. சனிக்கிழமை சாமான் ஏற்ற வண்டி சொல்லியாயிற்று. அதுவரைக்கும் குளியலறைக் கதவைப் பூட்டிச் சாவியைத் தன்னிடமே வைத்துக்கொண்டாள். அக்கா குளிக்கும்போது கூடவே நின்றாள். பூட்டிய கதவுக்கு அப்பால் இப்போது இரண்டு குரல்கள் பேசிக்கொண்டன. ஒன்று அக்காவுடையது. மற்றது பழகிக்கொண்டிருந்தது. அவள் போனில் பால்காரரிடம் சொன்னதை, தூக்கத்தில் முனகியதை, அக்காவிடம் கெஞ்சியதை. சரியா? என்னைப் பாரு. சரியா?

அவள் தொண்டை கரகரத்தது. தூசி என்று சொல்லிக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமை புதுத் திட்டத்தின் விளக்கக் கூட்டம். இதே நகர மையத்தில், இதைவிடப் பெரிதாக, கடைகளும் அலுவலகங்களும் வீடுகளுமாக இன்னொரு கட்டடம். பில்டர், அவருடைய கூட்டாளிகள், கோட் போட்ட வங்கிக்காரர்கள். சீனியர் அவளைப் பார்த்துத் தலையசைத்தார். திரையில் படம் ஓடியது: வெயில், மரங்கள், நடைபாதையில் சிரித்துக்கொண்டு நடக்கும் குடும்பங்கள். அவள் எழுந்து நின்றாள். “இந்தக் கட்டடத்தோட மையமே,” என்று தொடங்கினாள்.

அடுத்த சொல் வரவில்லை.

வாயைத் திறந்தாள். தண்ணீர் குடித்தாள். மறுபடி திறந்தாள். எல்லாரும் அன்போடு காத்திருந்தார்கள். தொண்டைக்குள் அடைப்பு இல்லை, வலி இல்லை. ஒன்றுமே இல்லை. கழுவித் துடைத்த தட்டுப்போல.

சீனியர் சட்டென்று எழுந்து பேச்சைத் தொடர்ந்தார். அவள் பையை எடுத்துக்கொண்டு ஓடினாள்.

வழியெல்லாம் அக்காவுக்குப் போன் அடித்துக்கொண்டே போனாள், எடுத்தாலும் இரண்டு பேராலும் பேசமுடியாது என்பது தெரிந்தும். லிஃப்ட் ஒவ்வொரு தளமாக நின்று நின்று ஏறியது. பொருள் வாங்கிய பைகளோடு ஆட்கள் ஏறினார்கள், இறங்கினார்கள். ஒருவர் வணக்கம் சொன்னார். அவள் தலையை மட்டும் ஆட்டினாள்.

வீடு திறந்திருந்தது. குளியலறைப் பூட்டு உடைந்து தொங்கியது. அம்மிக்குழவி கதவோரம் உருண்டு கிடந்தது.

ஜன்னலில் ஒரு கண்ணாடிப் பட்டைகூட இல்லை. எல்லாம் கழற்றப்பட்டு, துவைக்கும் முக்காலிக்குப் பக்கத்தில், ஒன்றன்மேல் ஒன்றாக, ஓரம் பிசகாமல் அடுக்கி வைக்கப்பட்டிருந்தன. அக்கா எதையும் அப்படித்தான் அடுக்குவாள். முக்காலி ஜன்னலுக்குக் கீழே நகர்த்தப்பட்டிருந்தது. அதன்மேல் அக்காவின் மூக்குக் கண்ணாடி.

அவள் ஜன்னல் விளிம்பைப் பிடித்துக்கொண்டு வாயைத் திறந்தாள். நெஞ்சிலிருந்து, வயிற்றிலிருந்து, தொண்டை கிழிய. ஒன்றும் வரவில்லை.

“அக்கா!” என்று கீழிருந்து அவள் குரல் அலறியது. “அக்கா! அய்யோ, அக்கா!”

அந்த அலறல் எல்லாத் தளங்களையும் தொட்டுக்கொண்டு மேலே போனது. மிகச் சரியாக இருந்தது. அவளே அலறியிருந்தால்கூட அவ்வளவு சரியாக இருந்திருக்காது.

எதிர் ஜன்னலில் விளக்கு எரிந்தது.

“அத்தை?” குண்டூசி கமோடு மூடிமேல் ஏறியிருந்தது. பள்ளிச் சீருடை, ஒரு பக்கம் அவிழ்ந்த ரிப்பன். “ஏன் அத்தை கத்துறீங்க?”

பிள்ளையின் பின்னால், அந்த வீட்டுச் சமையலறையில் மிக்ஸி ஓடிக்கொண்டிருந்தது. அதன் அம்மா காதில் எதுவும் விழப்போவதில்லை.

இவள் வேண்டாம் என்று தலையை ஆட்டினாள். உள்ளே போ. உள்ளே போ. உதடுகள்தான் அசைந்தன.

“ஒண்ணுமில்லடா கண்ணு,” என்றது கீழிருந்து அவள் குரல், அந்த உதடுகளின் அசைவோடு ஒட்டிக்கொண்டு. “பெரிய அத்தை கீழ விளையாடறாங்க. உன்னைக் கூப்பிடறாங்க.”

குழந்தை அவள் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது. பேசுகிற வாயை.

இல்லை. இல்லை. உள்ளங்கையை விரித்து நில் என்று காட்டினாள். குழந்தையும் சிரித்துக்கொண்டே தன் உள்ளங்கையை விரித்துக் காட்டியது. ஓடிப்போய் அந்த வீட்டுக் கதவைத் தட்டலாம். தரைத்தளம்வரை இறங்கவேண்டும். கடைகளைத் தாண்டவேண்டும். அடுத்த லிஃப்டுக்குக் காத்திருக்கவேண்டும். அந்தத் தூரம் அத்தனையும் அவள் வரைந்தது. கண்ணை எடுத்தால் குழந்தை போய்விடும். எடுக்காவிட்டாலும் போய்விடும்.

முக்காலியை எடுத்துச் சுவரில் ஓங்கி அடித்தாள். மிக்ஸி நிற்கவில்லை. அக்காவின் மூக்குக் கண்ணாடியைக் குழந்தையின் ஜன்னல்மேல் எறிந்தாள். அது பாதியிலேயே விழுந்தது. அடியில் போய்ச் சேர்ந்த சத்தம் கேட்கவே இல்லை.

“ஜன்னல் கண்ணாடியை ஒவ்வொண்ணா உருவு,” என்றது அவள் குரல். “மெதுவா. கை பத்திரம்.”

தன் வாயைத் தானே இரண்டு கைகளாலும் பொத்திக்கொண்டாள். குழந்தைக்கு அது பெரிய வேடிக்கையாக இருந்தது. கண்ணாடிப் பட்டை ஒன்று சரக்கென்று உருவி வந்தது. இன்னொன்று. இன்னொன்று. குழந்தை தலையை வெளியே நீட்டியது. பிறகு தோள்கள். முதன்முறையாகக் கீழே குனிந்து பார்த்தது.

அதன் முகம் மலர்ந்தது.

“பயணிகள் கவனத்துக்கு,” என்றது அக்காவின் குரல், வெகு அருகில்.

குழந்தை வயிற்றை ஜன்னல் விளிம்பில் பதித்து, தூக்கச் சொல்லும் பிள்ளையைப்போல, இரண்டு கைகளையும் கீழே நீட்டியது.